திரு ரூட் அவர்களுக்கு ஒதுக்கிய இடம்

சிராங்கூன் சாலையில், தீபாவளிச் சந்தைக் கடைகளை ஒதுக்கித் தருவதற்கென்றே ஒரு நிர்வாகம் இருக்கிறது. இயக்குநர் திரு கோவிந்தசாமி. கடைக்காரர்களின் பிரதிநிதியாக அதன் கூட்டங்களில் நானும் உட்காருகிறேன். என் பொறுப்பு, தலையாட்டுவதும் கறிபப் சாப்பிடுவதும்.

இந்த வருஷம் விண்ணப்பங்களை வாங்கும் லினக்ஸ் சர்வரில் இடம் தீர்ந்துகொண்டு வந்தது. அதைக் கவனிக்கும் நஃபீசா ஒப்பந்த ஊழியர். ஒப்பந்தம் மாதக் கடைசியில் முடிகிறது. புதுப்பிக்கும் பேனா இயக்குநரின் சட்டைப்பையில் இருந்தது. பெரிய டிஸ்க் ஒன்று கேட்பதற்காக நஃபீசா கூட்டத்தில் df என்ற கட்டளையைத் தட்டித் திரையில் இட நிலவரத்தைக் காட்டினார்.

இயக்குநர் கணக்கில் புலி. நிரம்பிய இடத்தையும் மீதி இடத்தையும் கூட்டினார். மொத்தத்துக்கு வரவில்லை.

“அஞ்சு பர்சன்ட் எங்க போச்சு?”

“ரூட்டுக்கு ரிசர்வ் பண்ணி வெச்சிருக்கு சார்.”

“ரூட் யாரு? எந்த டிபார்ட்மென்ட்?”

“ஆள் இல்ல சார். சர்வரோட சூப்பர் யூசர்.”

“எனக்குத் தெரியாம இங்க ஒரு சூப்பரா?”

“டிஸ்க் ஃபுல் ஆயிட்டா, ரூட் உள்ள போய் சரிபண்ண அந்த இடம் வேணும் சார்.”

“அதாவது, ஆளே வரல. டிஷ்யூ பாக்கெட் வெச்சு இடம் பிடிச்சுட்டாரு.” இயக்குநர் என் பக்கம் திரும்பினார். “ஃபுட் கோர்ட்ல டிஷ்யூ வெச்ச காலி மேஜை முன்னால நாம தட்டோட நிக்கிறோமே, அதே கதைதான் லா.”

நான் தலையாட்டினேன். தட்டோடு நின்ற கோபம் எனக்கும் உண்டு.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது: ‘எந்த ஊழியரும், பதவி எத்தகையதாயினும், டிஸ்க்கில் முன்கூட்டியே இடம் பிடித்தல் ஆகாது.’ நஃபீசா இன்னொரு முறை எச்சரித்தார். இயக்குநர் அவருடைய ஒப்பந்தத்தைப் பற்றி அன்பாக விசாரித்தார். நஃபீசா tune2fs -m 0 என்று தட்டி, ரூட்டின் ஒதுக்கீட்டைப் பூஜ்யமாக்கினார்.

காசு செலவில்லாமல் இடம் கண்டுபிடித்ததற்காக இயக்குநருக்குச் சிக்கன விருது கிடைத்தது. விழா வீடியோ முழுத் தரத்தில் அதே சர்வரில் ஏற்றப்பட்டது. அவர் குரல் தழுதழுத்த பகுதி மட்டும் பல கோணங்களில்.

விண்ணப்பத்தின் கடைசி நாளன்று டிஸ்க் நிரம்பி, சர்வர் படுத்துவிட்டது. ஈசூனில் முறுக்கு சுட்டு விற்கும் ரஞ்சிதம் கவுண்டரில் வந்து நின்றார். “பாதியிலயே நிக்குதுங்க. இந்த வருஷம் எனக்குக் கடை இல்லையா?”

என் விண்ணப்பமும் பாதியில்தான் நின்றது. அவசரத்துக்கு ஒதுக்கிய இடம் இல்லாமல் நஃபீசா படாதபாடு பட்டார். கடைசியில் ரூட்டாக உள்ளே நுழைந்து விழா வீடியோவை அழித்ததும் சர்வர் எழுந்தது, எங்கள் கடைகள் பிழைத்தன. உடனே விசாரணை தொடங்கியது.

“என் வீடியோவ அழிச்சது யாரு?” என்றார் இயக்குநர்.

சர்வரின் பதிவில் இருந்ததை நஃபீசா அப்படியே வாசித்தார். “ரூட், சார்.”

ரூட்டின் பணி விவரங்களைத் தேடும்படி மனிதவள அதிகாரி ரஞ்சனுக்கு உத்தரவு பறந்தது. அவர் அறிக்கையுடன் வந்தார். திரு ரூட் சம்பளம் வாங்கியதில்லை. சிபிஎஃப் சேமநிதி இல்லை. எம்சி என்று ஒரு நாள் மருத்துவ விடுப்புகூட எடுத்ததில்லை. விடுமுறை நாளிலும் பணியில் இருந்திருக்கிறார்.

இயக்குநர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இப்படிப்பட்ட ஸ்டாஃபையா நாம சந்தேகப்பட்டோம்?”

ரூட் மன்னிக்கப்பட்டார். நஃபீசாவின் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட்டது, ‘திரு ரூட் அவர்களுக்குள்ள அதே நிபந்தனைகளின்படி’. அதை வாசித்த நஃபீசா தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் கடையைக் காப்பாற்றியவர் அவர்தான் என்பது எனக்குத் தெரியும்.

“கடைக்காரங்க சார்பா ஏதாச்சும் சொல்லணுமா?” என்று இயக்குநர் கேட்டார்.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுந்து நின்றேன்.

“அப்போ ஒரு சம்பளம் மிச்சம், இந்த வருஷம் கடை வாடகை ஏறாதுல்ல, சார்?”