முன்னும் பின்னும் நறுக்குபவர்

நறுக்குபவர் என்றோர் இனம் உண்டு. உங்களுக்கும் தெரிந்தவர்தான். தோசையின் ஓரத்தைப் பிய்த்து ஒதுக்குவார், பஸ் டிக்கெட்டின் பிசிறைக் கிள்ளுவார், "மலையில மழைங்களா?" என்று நீங்கள் தொடங்கினால் "விஷயத்தச் சொல்லுங்க" என்பார், "வாரேனுங்க" என்று நீங்கள் முடிப்பதற்குள் முகத்தைத் திருப்பியிருப்பார். முன்னாலும் பின்னாலும் இருப்பதெல்லாம் அவருக்குக் குப்பை.

இரண்டாயிரத்து மூன்றில், காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து தினமும் பஸ் ஏறி, கொல்லிமலையில் ஒரு மிளகு விவசாயிகள் சங்கத்துக்கு வந்துபோன கம்ப்யூட்டர்காரர் முரளி இந்த இனத்தில் அசல் வித்து. அவர் கையில் பெர்ல் என்ற கம்ப்யூட்டர் மொழி கிடைத்தது. கேட்க வேண்டுமா?

அந்த மொழியில் வரியின் தொடக்கத்துக்குத் தொப்பி போல ஒரு குறி, முடிவுக்கு டாலர் குறி. அவற்றை வைத்து ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற தேடல் சூத்திரம் எழுதினால், சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் பெயர்களின் இரு முனையிலும் ஒட்டியிருக்கும் வெற்றிடமெல்லாம் ஒரே தட்டலில் உதிர்ந்துவிடும். உதிர்ந்தது. முரளிக்குப் புல்லரித்தது. அத்தோடு நிறுத்தினாரா? நிறுத்தினால் அவர் நறுக்குபவரா? இனிஷியலின் புள்ளிக்குப் பின் ஒருமுறை இடம் விட்டும் ஒருமுறை விடாமலும் அடித்ததில் ஒரே ஆள் இரண்டு ஆளாக நின்றது அவர் கண்ணை உறுத்தியது. தொடக்கத்திலிருந்து முதல் புள்ளிவரை அனைத்தையும் நீக்கு என்றார். இனிஷியல்கள் போயின. ஒரே பெயர்களை ஒன்றாக்கு என்றார். பழைய கோப்பின் மேலேயே சேமித்தார். ஆலத்தூர் நாடு என்ற மலைப் பகுதியின் ஆறு பாவாயிகளும் ஒரே பாவாயி ஆனார்கள்.

மறுநாள் மிளகு நாற்று லாரி வந்தது. பட்டியலோடு முரளி உட்கார்ந்தார், பெயருக்கு ஒரு பங்கு.

"பேரு?"

"பாவாயிங்க. மண்ணு நல்லா ஈரமா இருக்கு, குழியெல்லாம் எடுத்து வெச்சுட்டுத்தான்..."

"பாவாயி வாங்கிட்டாங்க. அடுத்த ஆளு!"

"அது கருப்பண்ணன் மக, சாமி. நான் காளியண்ணன் மக. பேருக்கு முன்னால எங்கப்பன் நிப்பாரு, நல்லாப் பாரு."

முரளி பார்த்தார். எந்தப் பெயருக்கு முன்னாலும் எந்த அப்பனும் இல்லை.

"கம்ப்யூட்டர் எடுத்துடுச்சுங்க."

"எங்கப்பன எடுக்கச் சொன்னது யாரு கண்ணு? உங்கப்பன் பத்திரமா இருக்காரா?"

வரிசையே சிரித்தது. டிரைவர் சின்னராசு எட்டிப் பார்த்தார். "இருட்டுறதுக்குள்ள வளைவெல்லாம் எறங்கணுமுங்க. மிச்ச நாத்தக் கீழயே கொண்டு போயிரட்டுங்களா?"

போனால், இந்த மழைக்குப் பாவாயியின் குழிகள் சும்மா கிடக்க வேண்டியதுதான்.

"இருங்க, இருங்க!" முரளி காகிதமும் பேனாவுமாக வாசலுக்கு ஓடினார். விடுபட்ட ஐந்து பாவாயிகளும் சூழ்ந்துகொண்டு, எந்த ஊடு, யார் பங்காளி, போன வருஷம் நட்ட கொடி எப்படிப் பட்டுப்போனது என்று ஆரம்பித்தார்கள். எந்த இடத்தில் அப்பன் பெயர் வரும் என்று தெரியாததால் முரளியால் குறுக்கே பேச முடியவில்லை. பிறந்ததிலிருந்து முதன்முறையாக ஐந்து முன்னுரையையும் ஐந்து முடிவுரையையும் முழுசாகக் கேட்டார். காளியண்ணன் மகள் நாற்றுக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தார்.

முரளி திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த இனம் திருந்தாது, பெருகும். அது போகட்டும், வாசகரே. மேலே இருந்த பத்திகளைத் தாண்டி, லாரி வந்த இடத்திலிருந்து படிக்கத் தொடங்கியவர் நீங்கள்தானா? கோபம் ஒன்றுமில்லை. தங்கள் தகப்பனார் பெயர் என்னவென்று தெரிந்துகொள்ளலாமே என்றுதான்.