பன்றிக் கலம்

அன்புவழிபுரம்,
திருகோணமலை.

அன்பு மகள் கஜந்தினிக்கு,

அப்பா குலசிங்கம் எழுதுவது. கோணேசர் கிருபையால் நானும் என் முழங்காலும் ஒருவாறு சுகம். கனடாவில் நீயும் உன் பன்றிகளும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். ஆராய்ச்சியை இன்னும் மூன்று வருடம் நீட்டவா, வீட்டுக்கு வரவா என்று கேட்டிருந்தாய். பதிலுக்கு முதல், உன் கடிதத்தால் நான் பட்ட பாட்டைக் கேள்.

"ஒரு பன்றியிலிருந்து கோடிக்கணக்கான கலங்கள் சேகரிக்கிறோம்" என்று எழுதியிருந்தாய். துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் இழுவைப் படகு ஓட்டியவனுக்குக் கலம் என்றால் கப்பல்தானே? அவசரத்தில் மாற்றி எழுதிவிட்டாய் என்று நானே திருத்தி, ஒரு கலத்தில் கோடிப் பன்றி என்று வாசித்து, என்னோடு படகில் வேலை செய்த றிகாஸிடம் பெருமையடித்தேன். அவன் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணன், அந்தக் கப்பல் நம்மட துறைமுகத்துக்கு வராதுதானே?" என்று கேட்டான். பிறகு மருந்துக்கடைச் சுகிர்தன் கடிதத்தை வாங்கிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். "ஐயா, இது உடம்பில இருக்கிற கலம், செல் எண்டு சொல்லுறது. பன்றியின்ர ரத்தத்தை மெஷினுக்குள்ளால விட்டு, வேண்டிய கலத்தை எடுத்துப்போட்டு மிச்சத்தைத் திருப்பி ஏத்துவினம். அந்தக் கலத்தை முதலே நோயாளிக்குக் குடுத்துப் பழக்கினா, பிறகு பன்றியின்ர உறுப்பை வைக்கேக்க அந்த ஆளின்ர உடம்பு தள்ளாதாம்." பன்றிக்கு நோகுமோ என்று கேட்டேன். "ஊசி போடேக்க நீங்கள் கத்துறதை விடக் குறைவாத்தான் கத்தும்" என்றான்.

ஆறு வயதில் நீ படகில் என் மடியிலிருந்து, கோதுமைக் கப்பல் வரும்போதெல்லாம், "அதுக்குள்ள என்ன இருக்கு? திறந்து பாத்தனீங்களோ?" என்று துளைத்தெடுப்பாய். அம்மா கரையில் நின்று, "பிள்ளையை இறக்குங்கோ, சோறு ஆறுது!" என்று கத்துவாள். எவ்வளவு நல்ல நாட்கள், மகள். இப்போது அவளும் இல்லை, குசினியில் கழுவ ஒரு கோப்பைதான் கிடக்கிறது. ஆகையால் நீட்டாதே, உடனே வா. பன்றியைப் பார்க்க ஆள் கிடைக்கும், என்னைப் பார்க்க ஆளில்லை.

உனக்கும், வாய்பேசாத அந்தச் சீவன்களுக்கும் என் ஆசிகள்.

உன் வரவை எதிர்பார்க்கும் அப்பா,
இ. குலசிங்கம்

பி.கு.: ஒட்டிய உறையைக் கிழித்துத் திறந்து இதை எழுதுகிறேன். என் சிறுநீரகம் அம்மாவுக்குப் பொருந்தாது என்று டொக்டர் சொன்ன அன்று, எந்தச் சீவனாவது ஒன்று தராதா என்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதேன். பன்றி தந்திருந்தாலும் கும்பிட்டு வாங்கியிருப்பேன். வராதே, மகள். மூன்று வருடத்துக்கும் கையெழுத்துப் போடு.