பதினாலு மெஷினும் ஒரு திரைச்சீலையும்

ஜன்னல் திரையையும் தன் சட்டைக் கையையும் ஒரே தையலில் சேர்த்துத் தைத்துவிட்டு, கையை உருவ முடியாமல் உட்கார்ந்திருந்தார் மெஷின்காரர்.

அது தெரு வைத்த பெயர். கையில் தூக்கிப் போகிற பழைய தையல் மெஷின் எங்கே துருப்பிடித்துக் கிடந்தாலும் மனிதருக்கு மூக்கில் வியர்த்துவிடும். வீட்டுக்குக் கொண்டுவந்து, திருகு திருகாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்குத் துடைத்து வைப்பார். அப்படிப் பதினாலு மெஷின்கள் பின்னறையை அடைத்துக்கொண்டிருந்தன. யாரும் தொடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். கல்யாணமான புதிதில் மனைவி ஒரு தலையணை உறையைத் தைக்க ஆசையாக வந்தாள். கை ரேகை படிந்துவிடும் என்று விரட்டிவிட்டார். அதற்குப் பிறகு அவள் அந்த அறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. வேலை முடிந்தால் சிநேகிதி வீட்டுக்குப் போய்விடுவாள்.

இப்போது மகள் கைக்குழந்தையோடு வரப்போகிறாள். அறை வேண்டும்.

"பதினாலு இருக்குல்ல, ஒண்ணுல இந்த ஜன்னலுக்குத் திரை தைச்சுக் காட்டுங்க. தைச்சிட்டா எல்லாமே இருந்துட்டுப் போகட்டும், குழந்தைக்கு நான் முன்னறையில இடம் பண்ணிக்கறேன். இல்லேன்னா ஞாயித்துக்கிழமை பழைய இரும்புக்காரரை வரச் சொல்லிடுவேன்" என்று மனைவி சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

இதில் சங்கடம் என்னவென்றால், மெஷின்காரருக்குத் தைக்கத் தெரியாது. பழுது பார்த்ததும் ஒரு காகிதத்தில் நாலு விரற்கடை ஓட்டுவார். தையல் விழுந்தால் திருப்தியாகப் பெட்டியை மூடிவிடுவார். துணி என்பது வழுக்கும், சுருங்கும், கூடவே சட்டையையும் இழுத்துக்கொள்ளும் என்பது அவருக்கு இன்றுதான் தெரிந்தது.

கத்தரியால் சட்டையை விடுவித்தார். திரையின் ஓரம் கிழிந்தது. அதை மடித்துத் தைத்ததில் ஒரு பக்கம் ஏறிக்கொண்டது. மறுபக்கத்தை வெட்டிச் சமன் செய்தார். இப்போது அந்தப் பக்கம் ஏறிக்கொண்டது. குறை மெஷினில்தான் என்று அடுத்ததை எடுத்தார், பிறகு அதற்கு அடுத்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்குப் பதினாலு கூடம் இருந்தது, அத்தனையும் கோணல். சாயங்காலத்துக்குள் ஜன்னல் திரை தலையணை உறை அளவுக்கு வந்துவிட்டது.

நல்லவேளையாக மனைவி அவரை நம்பி இரட்டை அளவு துணி வாங்கி வைத்திருந்தாள். மிச்சத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு, அடுத்த தெருத் தையற்காரரிடம் ஓடினார்.

தையற்காரர் துணியைப் பிரித்துப் பார்த்தார். "நான் சட்டை, பேன்ட்தான் சார். திரையெல்லாம் இங்க ஒரு அக்கா வந்து தைப்பாங்க. அவங்க கை பட்டா நூல் பிடிச்ச மாதிரி இருக்கும். நாளைக்கு வாங்க."

மறுநாள் சாயங்காலம், தையலில் ஒரு நூல் பிசகாத திரையைக் கொண்டுவந்து மாட்டிவிட்டு, நெற்றியைத் துடைத்தபடி மனைவியைக் கூப்பிட்டார்.

"கண்ணாடியை எங்கேயோ வெச்சுட்டேன்" என்றபடி வந்தவள், திரையின் ஓரத்தை விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே போனாள். மூலைக்கு வந்ததும் நின்றாள்.

"நீங்களே தைச்சதா?"

"பின்னே? ரெண்டு நாளா முதுகு ஒடிஞ்சு போச்சு."

"இதைத் தைச்ச கைக்குத் தங்க வளையலே போடலாம்."

"போட்டாப் போச்சு" என்றார் பெருந்தன்மையாக. மெஷின்கள் பிழைத்துவிட்டன. அவருக்கு அழுகையே வரும் போலிருந்தது. பதினாலையும் ஒவ்வொன்றாகத் தடவிக் கொடுத்தார்.

வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். மனைவி கதவைத் திறக்க, பின்னாலேயே வந்த மெஷின்காரர் தையற்காரரின் குரலைக் கேட்டதும் கதவுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டார்.

"அக்கா, காலையில அந்தத் திரையைத் தைச்சிட்டு, கண்ணாடியைக் கடையிலேயே விட்டுட்டுப் போயிட்டீங்க. எத்தனை வருஷந்தான் இப்படி எங்க கடைக்கு வந்து தைப்பீங்க? வீட்டுக்காரர்கிட்ட சொல்லி ஒரு பழைய மெஷினாவது வாங்கிக்கக் கூடாதா?"