எலக்ட்ரான் சார் ருசி பார்த்த கூழ்

செஞ்சியில் குடியிருந்துகொண்டு, கோட்டையைப் பார்த்து ஒரு ராஜாவைக்கூட நினைக்காத ஆள் உலகத்திலேயே எங்கள் எலக்ட்ரான் சார் ஒருவர்தான். அவருக்கு அது வெறும் படிக்கட்டு. டுடோரியலில் பிசிக்ஸ் வாத்தியார்.

"சூடு குடுத்தா எலக்ட்ரான் மேல்படிக்குத் தாவும். நடுவுல நிக்க இடமில்ல. மேலயும் தங்காது, கீழ எறங்கிடும். எறங்கறப்போ வாங்கினதை வெளிச்சமா விட்டுட்டு வரும்" என்பார். முடிவெட்டிக்கொள்ளும்போதும் இதே பேச்சுதான். கத்தி பிடித்திருப்பவர்தான் பயப்படுவார்.

எண்பதுகளில் அவரும் அவரிடம் படித்த நாங்களும் சாப்பிட்டது தனம் அக்கா மெஸ்ஸில். ஓர் ஆடி மாதம், தெருக் கோயிலுக்குக் கூழ் காய்ச்சும் பொறுப்பு முதல்முறையாக அக்காவுக்கு வந்தது. அண்டாவை இறக்கியதும் அக்காவுக்குச் சந்தேகம், உப்பு போட்டோமா இல்லையா என்று. அம்மனுக்குப் படைக்கும் முன் வாயில் வைக்கக் கூடாது. போடாமல் விட்டாலும் தெருவே துப்பும், மறுபடி போட்டாலும் துப்பும். அப்புறம் எவன் மெஸ்ஸுக்கு வருவான்? அக்கா அழுதேவிட்டார்.

"அழாதம்மா, எலக்ட்ரானைக் கேட்டுடலாம்" என்றார் சார். நெருப்புக்குக் கொடுத்தால் எச்சில் ஆகாது என்று பூசாரியும் தலையாட்டினார். சார் பம்ப் ஸ்டவ்வை நீலமாக எரியவிட்டு, சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்றை அதில் நீட்டினார். பளிச்சென்று மஞ்சள்.

"பாத்தியா? உப்புல இருக்கற சோடியம். அதோட எலக்ட்ரான் எறங்கினா இந்தக் கலர்தான்."

"இன்னா சார், இன்னும் கூழையே தொடலியே. அது உங்க கை வேர்வ" என்றார் அக்கா.

சார் அசடு வழிந்தார். கம்பியைக் கழுவி, மஞ்சள் போகும்வரை காய்ச்சினார். கரைத்து மீந்திருந்த உப்பில்லாத மாவைத் தொட்டுக் காட்டினார். லேசாக ஒரு மினுக்கு, அவ்வளவுதான். அடுத்து கூழ். தீ முழுக்க மஞ்சளாகிவிட்டது.

"போட்டுட்ட தாயி. இனிமே ஒரு கல்லு கூட போடாத."

அக்கா சாமியைக் கும்பிட்டுவிட்டு உப்புப் பானையை மூடினார். படையல் முடிந்து ஊற்றினால், சொம்போடு வந்தவர்கள் வீட்டுக்குப் போய் அண்டாவோடு திரும்பி வந்தார்கள். உப்பு அத்தனை கச்சிதம். சார் வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் படிக்கட்டை விளக்கிக்கொண்டிருந்ததில், கூழ் தீர்ந்ததே அவருக்குத் தெரியவில்லை.

அக்கா உள்ளேயிருந்து ஒரு சொம்பு கொண்டுவந்தார். "உங்களுக்குனு முதல்லயே எடுத்து வச்சேன் சார். எலக்ட்ரான் எங்கயும் போவாது, குடிங்க."

சார் பேசாமல் குடித்தார். அவர் வாய் மூடியிருந்து நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான். சீக்கிரம் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க மாட்டாரா என்று எங்களுக்கு இருந்தது.