என் தியேட்டரில் பெய்த தேத்தண்ணி

தன் கையால் எதையாவது செய்தவன் வீட்டுக்கு மட்டும் விருந்தாளியாகப் போய்விடாதீர்கள். கடையில் வாங்கிய நாற்காலி என்றால் "உட்காருங்க" என்பதோடு விட்டுவிடுவான். அவனே அடித்த நாற்காலி என்றால், உட்கார்ந்த உங்களை எழுப்பி, நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, எந்த ஆணி எங்கே இறங்கியிருக்கிறது என்று காட்டிவிட்டுத்தான் மறுபடி உட்காரச் சொல்வான். நான் அந்த ரகம். அதிலும் நாற்காலியோடு நிற்காமல் தியேட்டரே கட்டியவன்.

சிரிக்காதீர்கள். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த அந்தக் காலத்தில், நமுனுகுல மலைப்பக்கம் வீட்டுக்குள் தியேட்டர் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். தோட்ட மேனேஜர் துரையின் பங்களாவில்கூடக் கிடையாது. (விசாரித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.)

அப்போது நான் பதுளைக் கடைவீதியில் ஒரு டிவி, ரேடியோ திருத்தும் கடையில் வேலை பார்த்தேன். டியூஷன் நடத்தும் ஒருவர் செத்துப்போன புரொஜெக்டர் ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். அதைத் திருத்த நான் எடுத்துக்கொண்ட காலத்தில் அவர் டியூஷனையே மூடிவிட்டு, "நீங்களே வச்சுக்கங்க தம்பி" என்று போய்விட்டார். கடைசியில் ஒருநாள் கடைச் சுவரில் சதுரமாக வெளிச்சம் விழுந்தது. அதோடு எனக்குப் பைத்தியம் பிடித்தது.

வீட்டில் நானும் அம்மாவும்தான். அப்பா காலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே மேட்டில் எங்களுக்குக் கிடைத்த தனி வீட்டில், பின்பக்கம் புதிதாக ஓர் அறை கட்டியிருந்தோம். அம்மாவைப் பொறுத்தவரை அது எனக்கும் வரப்போகும் மருமகளுக்கும். நான் அதன் ஜன்னலைப் பலகை வைத்து அடைத்து, நாலு சுவருக்கும் கறுப்புப் பெயின்ட் அடித்தேன்.

"டேய் ரவி, மருமக வந்தா எங்கடா படுக்கும்?" என்றார் அம்மா.

"படம் முடிஞ்சதும் படுத்துக்கலாம்மா."

"நாசமாப் போச்சு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார் அம்மா. என் தியேட்டருக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அது.

அந்த அறையில் நான் செய்த வேலைகளை இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு நிமிர்கிறது. பதுளைக்கு வெளியே ஒரு கராஜில் உடைத்துப் போட்ட பஸ்ஸின் சீட்டுகளைக் கழற்றி வந்து வரிசையாகப் பூட்டினேன். பழைய தேயிலைப் பெட்டிப் பலகையை அறுத்து ஸ்பீக்கர் பெட்டிகள் செய்தேன். படத்தில் ஓர் அடி விழுந்தால் அடுப்படியில் தட்டுகள் ஆடும். அம்மா புதிதாக வாங்கிய வெள்ளைப் பெட்ஷீட்டைச் சட்டத்தில் இழுத்து ஆணியடித்துத் திரையாக்கினேன். (அம்மா அதைக் கொடியில் தேடிக்கொண்டிருந்தார்.)

எல்லாம் சரி, தகரம்தான் வில்லன். மழை பெய்தால் தகரக் கூரையின் கீழே பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது, இதில் கதாநாயகி விசும்புவது எங்கே கேட்கப்போகிறது? தகரத்துக்கும் சீலிங்குக்கும் நடுவே எதையாவது அடைத்தால் சத்தம் அடங்கும் என்று எனக்குத் தெரியும். எதை அடைப்பது? அங்கேதான் என் மூளை வேலை செய்தது. எங்கள் தோட்டத்து ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்) தூளை அரிக்கும்போது பஞ்சுபஞ்சாக ஒரு கழிவு மிஞ்சும். உரக்குழிக்குப் போகிற சாமான். கேட்டு வாங்கி, சாக்குச் சாக்காகக் கட்டி, சீலிங் முழுக்க அடுக்கினேன். உலகத்தில் வேறு எவனுக்கும் இந்த யோசனை வந்திருக்காது என்று பெருமைப்பட்டேன். வந்திருக்காதுதான்.

சோதனையும் செய்தேன். அம்மாவை வெளியே நிறுத்தி, கை நிறையச் சல்லிக்கல் எடுத்துக் கூரை மேல் வீசச் சொன்னேன்.

"கேக்குதாடா?"

"என்னம்மா?"

"கேக்குதான்னு கேக்குறேன்!"

"கல்லு கேக்கலம்மா, நீங்கதான் கேக்குறீங்க!"

வெற்றி! சத்தத்தை முழுதாகச் சோதித்துவிட்டேன். தண்ணீர் என்று ஒன்று இருப்பது எனக்கு ஞாபகத்துக்கு வரவேயில்லை. மழை கண்டு மாதக்கணக்காகியிருந்தது.

இந்த நேரத்தில்தான் பெரகலையிலிருந்து சம்பந்தம் வந்தது. பெண் பெயர் சுமதி. சந்தியில் டெலிபோன் பேசவும் போட்டோகொப்பி எடுக்கவும் ஜனங்கள் வருகிற ஒரு கடையில் வேலை. பெண் பார்க்கப் போனபோது தட்டை நீட்டிவிட்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "நீங்க மெசின் திருத்துறவங்கன்னு சொன்னாங்க. எங்க கடை போட்டோகொப்பி மெசின் பேப்பர மென்னு துப்புது. என்னாவா இருக்கும்?" ஐயோ, போதுமே! கட்டினால் இவளைத்தான் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

ஆனால் என் முடிவை யார் கேட்டார்கள்? பெண் வீட்டார் வந்து வீடு பார்க்க வேண்டும். அது எங்கள் வழக்கம். அவர்களுக்குச் சம்மதம் ஆகும்வரை மாப்பிள்ளை வீட்டில் பச்சைத்தண்ணிகூடக் குடிக்க மாட்டார்கள். கொடுத்ததை வாங்கிக் குடித்துவிட்டால் காரியம் முடிந்தது என்று அர்த்தம். அதனால் அம்மா, அவர்கள் வந்த அன்று காலையிலிருந்தே தேத்தண்ணிக்கு, அதாவது டீக்கு, கொதிதண்ணி வைத்துக்கொண்டேயிருந்தார்.

வந்தவர்கள் இரண்டு பேர். சுமதியின் அப்பா மாணிக்கம், பதுளைக்கும் பெரகலைக்கும் ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நல்ல மனுஷன். கூட அவருடைய அக்கா பாக்கியம். அவரும் நல்ல மனுஷிதான். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"தேத்தண்ணி ஊத்தவாங்க?" என்றார் அம்மா, அவர்கள் செருப்பைக் கழற்றும் முன்பே.

"அவசரம் என்னா? வீட்ட பாப்போம்" என்றார் பாக்கியம் அக்கா.

முன்னறையைப் பார்த்தார்கள். அடுப்படியைப் பார்த்தார்கள். பிறகு பாக்கியம் அக்கா பின்னறைக் கதவைத் திறந்து, உள்ளே ஒரு கால் வைத்து, வெளியே எடுத்துவிட்டார்.

"என்னா இது, கருப்பு! கல்யாணம் பேசுற வீட்டுல கருப்பு ரூமா? சன்னலு வேற இல்ல. பொண்ண அடைச்சி வைக்கவா?"

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் பெட்ஷீட் விஷயமும் சேர்ந்திருந்தது. வேறு எவனாவது இருந்தால் இந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டிருப்பான். நான் சுவிட்சைப் போட்டேன்.

"மாமா, இது தியேட்டர். என் கையால செஞ்சது. ஒக்காருங்க, காட்டுறேன்."

மாணிக்கம் மாமா உள்ளே வந்து சீட்டைத் தடவிப் பார்த்தார். அவர் முகமே மாறிவிட்டது.

"இது பஸ்ஸு சீட்டில்ல? அக்கா, நான் வாழ்க்க பூரா இத புடிச்சிக்கிட்டு நின்னேனே தவுர, ஒரு நாளு ஒக்காந்ததில்ல!" என்று சொல்லிவிட்டு, ஜன்னலோரச் சீட்டில் (ஜன்னல்தான் இல்லை) ராஜா மாதிரி உட்கார்ந்தார். பாக்கியம் அக்கா கதவுக்குப் பக்கத்தில், தப்பித்து ஓட வசதியாக உட்கார்ந்தார். நான் மாமாவின் தலைக்கு நேர் பின்னால், ஸ்டூலில் புரொஜெக்டரை வைத்துப் படத்தைப் போட்டேன். அந்த நேரம் பார்த்து வெளியே அந்த வருஷத்து முதல் மழை பிடித்தது. கதவிடுக்கில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன், உள்ளே ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. என் சாக்குகளை நினைத்து எனக்குப் புல்லரித்தது.

படத்திலும் மழைக்காட்சி வந்தது. இடி முன்னால் தொடங்கி எங்கள் தலைக்கு மேலே ஓடிப் பின்னால் போய் விழுந்தது. மாமா கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார்.

"அடேங்கப்பா! நெசமாவே மழைக்குள்ள நிக்கிற மாதிரில்ல இருக்கு!"

கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தடவினார்.

"தம்பி, மழ மேலகூட படுதே! இதெல்லாம் எப்புடி செய்றீங்க?"

நான் அப்படி ஒன்றும் செய்யவில்லையே! திரையைப் பார்த்தேன். கதாநாயகியின் கன்னத்தில் பழுப்பாக ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அழுகிற காட்சி அது இல்லை. மாமா உதட்டை நக்கிப் பார்த்தார்.

"ஆனா தம்பி, இந்த மழ கொஞ்சம் தேத்தண்ணி மாதிரி இருக்கு."

அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. தகரத்தின் ஆணி ஓட்டைகளில் இறங்கிய தண்ணீரை என் சாக்குகள் சொட்டு விடாமல் குடித்து, ஊறி, சாயம் இறங்கி, கனத்துப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தன. நிமிர்ந்து பார்த்தேன். மாமாவின் தலைக்கும் புரொஜெக்டருக்கும் மேலே சீலிங் பிள்ளைத்தாச்சி வயிறு போல இறங்கியிருந்தது. "மளுக்" என்றது.

நான் பாய்ந்தேன். மாப்பிள்ளை என்றால் பாயத்தானே வேண்டும்? பாய்ந்து, குனிந்து, என் முதுகைக் கொடுத்து, உயிரைக் கொடுத்துக் காப்பாற்றினேன். புரொஜெக்டரை.

சாக்குகள் மாமா மேல் விழுந்தன. பஞ்சுச் சாமான் என்பதால் அடி ஒன்றும் படவில்லை. ஆனால் தலை முதல் கால் வரை மனுஷன் வடிகட்டாத தேத்தண்ணியில் முங்கி எழுந்தவர் மாதிரி நின்றார். காதுக்குள் தேயிலை. வேட்டியின் நிறத்தைப் பற்றிப் பேசாமலிருப்பது நல்லது. திரைச் சட்டம் சரிந்து விழுந்தது. அம்மா ஓடிவந்து பார்த்து, "ஐயையோ, என் பெட்ஷீட்டு!" என்று அலறினார். சம்பந்தியைப் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

பாக்கியம் அக்கா கதவருகே இடுப்பில் கை வைத்து நின்றார். படம் பார்த்தவர்களில் நனையாத ஒரே ஆள்.

"மனுசன விட்டுட்டு மெசின கட்டிப்புடிச்சிக்கிட்டு கெடக்குறான் பாரு! இவனுக்கா நம்ம புள்ளைய குடுக்குறது? நாளைக்கி அது தலையில கூர விழுந்தாலும் இவன் மெசினத்தான் புடிப்பான். எந்திரிடா மாணிக்கம், போவோம்!"

"கரண்டு அடிச்சிரக்கூடாதேன்னுதாங்க…" என்று இழுத்தேன். (என் மகள்கூட இன்றுவரை அதை நம்பவில்லை.)

மாமா முகத்தைத் துடைத்தார். "எப்புடி போறதுக்கா? இந்த வீட்டு தேத்தண்ணி வாய்க்குள்ள போயிருச்சே. குடிச்சிட்டா முடிஞ்சிச்சின்னு அர்த்தமில்ல?"

"அது தேத்தண்ணியாடா? ஸ்டோரு குப்ப!"

"குப்பையோ கொழுந்தோ, எறங்கிருச்சிக்கா." என்னைத் திரும்பிப் பார்த்தார். சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்று தெரியவில்லை, அவ்வளவு தேயிலை. "ஆனா தம்பி, அக்கா கேக்குறதும் ஞாயந்தான். நடந்தத அப்புடியே புள்ளைட்ட சொல்றேன். அது முடிவு."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. தியேட்டர் போனால் மறுபடி கட்டலாம். சுமதி போனால்? கறுப்புச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் பதுளைக் கடைக்குப் போன் வந்தது.

"நான் சுமதி பேசுறேன். அப்பா எல்லாம் சொன்னாங்க. அந்த எடத்துல நான் இருந்திருந்தா, என்னைய புடிச்சிருப்பீங்களா, மெசினையா?"

நல்ல பொய் ஒன்று சொல்லியிருக்கலாம். எவனும் சொல்லியிருப்பான். நானோ மெசின் திருத்துகிறவன், கேட்ட கேள்விக்கு யோசித்துவிட்டேன்.

"மெசினத்தாங்க. அதுக்கு ஓடத் தெரியாதுல்ல. உங்களுக்குத்தான் கால் இருக்கே."

போச்சுடா ரவி, முடிஞ்சுது உன் கதை என்று போனை வைக்கப் போனேன். அப்போது கேட்டது சிரிப்பு. மூச்சு வாங்கி, அடக்க முடியாமல், அந்தக் கடையில் இருந்தவர்கள் எல்லோரும் என்ன என்று கேட்கிற அளவுக்குச் சிரிப்பு.

"ஆமாங்க, எனக்குக் கால் இருக்கு" என்றாள். "அப்பாகிட்ட சரின்னு சொல்லிர்றேன். மொதல்ல அந்த ஓட்டைய அடைங்க."

ஓட்டையை அடைத்ததே அவள்தான், கல்யாணமாகி வந்த பிறகு. நான் கீழே நின்று ஏணியைப் பிடித்தேன். இந்த முறை சீலிங்கில் தேங்காய்த்தும்பு, அதாவது நார். ஜன்னலைத் திறந்து திரைச்சீலை போட்டோம். சுவரைப் பாக்கியம் அக்காவுக்காகக் கருநீலமாக மாற்றினேன். தோட்டத்துப் பாதிப் பேர் அந்த பஸ் சீட்டுகளில் உட்கார்ந்து படம் பார்த்திருக்கிறார்கள். மாமாவுக்கு இன்றும் ஜன்னலோரம்தான்.

ஆனால் அந்தக் கால் கதை மட்டும் ஓயவில்லை. கல்யாணத்தில் பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுக்கும்போதே மாமா, "கால் ரெண்டும் நல்லாருக்கு மாப்புள, பாத்து எடுத்துக்கங்க" என்றார். பதுளை பஸ் ஸ்டாண்டில் சுமதியை மறந்து நிறுத்திவிட்டு நான் வந்த அன்று, நடந்து வந்து வாசலில் நின்றுகொண்டு, "எனக்குத்தான் கால் இருக்கே" என்றாள். நான் கூட்டிப்போகிறேன் என்றால் என் மகளும் அதையே சொல்கிறாள்.

போன வருஷம், புதிதாக வாங்கிய புரொஜெக்டர் இருக்கும் சுவர்த்தட்டைத் துடைக்க சுமதி ஸ்டூலில் ஏறினாள். ஸ்டூல் சாய்ந்தது. அவள் தட்டைப் பிடிக்க, தட்டும் கழன்றது. அவள் ஒரு பக்கம் விழுகிறாள், மெசின் ஒரு பக்கம் விழுகிறது. இந்த முறை நான் யோசிக்கவேயில்லை. பாய்ந்து அவளைப் பிடித்துவிட்டேன். மெசின் தரையில் விழுந்து சிதறியது.

என் கைக்குள் இருந்தபடியே அவள் அதைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஐயோ, ஏங்க! அத புடிக்கிறத விட்டுட்டு என்னைய எதுக்குப் புடிச்சீங்க? எனக்குத்தான் கால் இருக்குல்ல!"

அன்றைக்கு முழுக்க அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. எனக்கோ பெருமை தாங்கவில்லை.