கத்தரி அண்ணன் வெட்டிய பக்கங்கள்

அச்சடித்த காகிதத்தைக் கத்தரி அண்ணனைப் போலப் பகைத்தவர் மலேசியாவின் ஈப்போவில் பிறந்ததில்லை. அவர் சோறு தின்றதும் அதே காகிதத்தை நம்பித்தான். எழுபதுகளின் நடுவில் எங்கள் தமிழ் வார இதழில் பக்கம் கட்டும் வேலை அவருக்கு, புரூஃப் பார்க்கும் வேலை எனக்கு. அவருடைய உண்மைப் பெயர் சம்பளம் கொடுத்த முதலாளிக்காவது தெரியுமா என்பது சந்தேகம். சட்டைப் பையில் தையல்காரர் கத்தரி ஒன்று எப்போதும் பிடி வெளியே தெரிய நிற்கும்.

தன் தங்கை மகளின் கல்யாணப் பத்திரிகையில், "இத்தன சித்தப்பா எதுக்கு? எல்லாம் ஒரே மாதிரி ஆளுங்கதானே" என்று நால்வர் பெயரை வெட்டினார். நால்வரும் கல்யாணத்துக்கு வரவில்லை. "பாத்தியா தம்பி, சாப்பாடும் மிச்சம்" என்றார். ஓர் இரங்கல் கூட்டத்தில் மூன்றாவது பேச்சாளர் "அன்னார் சிறந்த பண்பாளர்" என்று தொடங்கியதும் பின்வரிசையிலிருந்து குரல் கொடுத்தார்: "அத ரெண்டு பேரு சொல்லிட்டாங்க லா, அடுத்ததுக்குப் போங்க!" இறந்தவரின் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அழுதாரா, சிரித்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இந்தப் பகைக்கு ஒரு காரணம் இருந்தது. பேருந்து நிலையத்தில் ஒரு பாய் பத்திரிகைக் கடை வைத்திருந்தார். கடையில் இரண்டு கயிறுகள். முன்கயிற்றில் தொங்கும் இதழ் விற்கும். பின்கயிற்றுக்குப் போனது நேராக மீன் மடிக்கப் போகும். எது எங்கே தொங்கும் என்பதைப் பாயின் கட்டைவிரல் முடிவு செய்யும். இதழை ஒரு முறை சர்ரென்று புரட்டுவார். அவ்வளவுதான் பரீட்சை.

"என்னாண்ணே, போன வாரம் பாத்த மாதிரியே இருக்கு?" என்று ஒருநாள் பாய் கேட்டுவிட்டார். அதே வாரம் முதலாளி எங்களைக் கூப்பிட்டார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வு பெற்ற அரசாங்க ஊழியர். "பின்கயித்துக்குப் போனால் நான் பேப்பரை நிப்பாட்டிப் போடுவன்" என்றார். எங்கள் எல்லோருடைய பிழைப்பும் பாயின் கட்டைவிரலில் வந்து நின்றது.

கத்தரி அண்ணன் களையெடுக்கத் தொடங்கினார். எங்கோ சுட்ட ராசிபலன் முதலில் போனது. மூன்று துணுக்குப் பக்கங்கள் ஒரே பக்கமாயின. சமையல் குறிப்பை இடம் மாற்றியபோது, பழைய இடத்தில் "ஐந்தாம் பக்கம் பார்க்க" என்று ஒரு வரி வைத்தார். "தேடி வந்தவன் வெறும் சுவத்துல முட்டிக்கக் கூடாது" என்பார். பிறந்தநாள் வாழ்த்துகளைத் தனித்தாளில் அச்சிட்டுச் சந்தாதாரர்களுக்கு மட்டும் அனுப்பினார். அந்தத் தாள் பாயின் கண்ணிலேயே படவில்லை.

"செத்த பக்கம் ஒண்ணு இருந்தா உசிரோட இருக்குற பக்கத்தையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போயிரும் தம்பி."

முன்கயிறு எங்களுக்கு நிலைத்தது. அடைமழையோடு தீபாவளி வந்த ஆண்டு அது.

தீபாவளி முடிந்ததும் பக்கத்து ஊரான லகாட்டுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. தண்ணீர் கசக்கிறது, புல்லுக்கு அடிக்கும் மருந்து வாடை வருகிறது என்று ஒரு கடிதம். அதை வெளியிட்டோம். அடுத்ததும் அதையே சொன்னது. அதற்கடுத்ததும் அப்படியே. "போட்டாச்சு" என்று சொல்லி, வந்தவற்றையெல்லாம் கத்தரி அண்ணன் பிஸ்கட் டின்னுக்குள் தள்ளினார். பக்க ஓரத்தில் இடம் காலியாக நின்றால் அடைக்க உதவும் சரக்குக்கான டின் அது.

பொங்கலுக்கு முந்திய வாரம் அந்தத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டும் பெண் ஒருத்தி அச்சகத்துக்கு வந்தாள். மழையில் நனைந்திருந்தாள். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"எங்க கடுதாசி ஏண்ணே வரல?"

"முத கடுதாசி வந்துச்சே தங்கச்சி. மத்ததும் அதேதானே சொல்லுது."

"ஒருத்தர் சொன்னா பொய்னு தொரை சொல்லிருவாருன்னுதாண்ணே வீட்டுக்கு வீடு எழுதினோம். எழுதத் தெரியாதவங்க பக்கத்து வீட்டுல சொல்லி எழுதி வாங்குனாங்க." ஈர முந்தானையைப் பிழிந்தாள். "எம்மவன பத்து காஜா டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். வழியிலயே போயிட்டான்."

அவள் போன பிறகு கத்தரி அண்ணன் டின்னைக் கவிழ்த்தார். அந்த வார இதழின் முதல் பக்கத்தில் அத்தனை கடிதங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரு சொல்லும் வெட்டாமல், பெயரோடு அடுக்கினார்.

"உமக்கென்ன விசரே?" என்று முதலாளி கத்தினார். "ஒரே கதை! பாய் பின்னாலைதான் தூக்கிப் போடுவார். பேப்பர் முடிஞ்சுது!"

"முடிஞ்சா முடியட்டும் லா."

இதழ்க் கட்டை அவரே சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். நானும் பின்னால் போனேன். பாய் வழக்கம்போலப் புரட்டப் போனார். கட்டைவிரல் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டது.

"எல்லாம் ஒண்ணாவே இருக்கே?"

"ஆமா பாய். அத்தன வீட்டுலயும் அதான் நடக்குது."

பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் பெயர் வரை படித்தார். பிறகு முன்கயிற்றில் இருந்த மற்ற இதழ்களைக் கழற்றிவிட்டு, கயிறு முழுக்க எங்களுடையதையே தொங்கவிட்டார்.

தோட்டத்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது, தாமதமாக. அதற்குள் தொழிலாளர் லயத்தில் பாதி வீடு காலி. எங்கள் இதழும் எண்பதுகளில் வேறு காரணங்களால் நின்றுபோனது. கத்தரி அண்ணன் அந்தப் பொங்கலுக்குப் பிறகு சட்டைப் பையில் கத்தரி வைக்கவில்லை. யாரும் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை. பெயர் மட்டும் மாறாமல் அப்படியே இருந்தது.

அவர் இறந்த பிறகு ஒவ்வோர் ஆண்டும் அதே நாளில் நாளிதழில் ஒரு நினைவஞ்சலி கொடுக்கிறேன். அதே படம், அதே நான்கு வரி. இருந்திருந்தால், "போன வருசமே போட்டாச்சு லா, வெட்டு" என்றிருப்பார். நான் ஒரு சொல்லைக்கூட மாற்றுவதில்லை.