பேசிக்கொள்ளாத இரண்டு புரோகிராம்கள்

"என்கிட்ட என்னமோ கேக்கணும்னீங்களே, என்ன?"

"அது... வந்து... குடை இருக்கா?"

நாலு வருஷத்துக்கு முன்னால் பிரிக்பீல்ட்ஸ் பஸ் ஸ்டாப்பில் குணேஸ்வரியும் விஜயனும் பேசிய பேச்சு அது. அன்றைக்கு மேகமே இல்லை. குணேஸ்வரி குடையைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள். கேட்க வந்ததை விஜயன் இன்றுவரை கேட்கவில்லை. ஒரே ஆபீஸ், எதிரெதிர் மேஜை.

இன்று காலை அவள்தான் ஆரம்பித்தாள். "சனிக்கிழமை எனக்கு லீவு. செலாயாங்லேர்ந்து பொண்ணு பாக்க வராங்க."

"ஓ, நல்லது," என்று சொல்லிவிட்டு விஜயன் கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

அங்கேயும் நிலைமை சரியில்லை. இன்சூரன்ஸ் ஆபீஸின் வருடாந்திர விருந்துக்கு அழைப்பு அனுப்ப வேண்டும். லேபிள் அடிக்கிற புரோகிராம், பெயர்ப் பட்டியல் புரோகிராமைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு 'பதில் இல்லை' என்று கைவிரித்தது.

"ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ளதானய்யா இருக்கு? பேசிக்க என்ன கேடு?" என்றார் மேனேஜர் சிவசம்பு.

"பேசிரும் சார்."

விஜயன் இரண்டையும் மூடித் திறந்தான். மெஷினே உறைந்துபோனது. பட்டியலைக் காப்பி எடுத்து லேபிள் புரோகிராமின் பக்கத்திலேயே வைத்தான். உடனே பேசின. ஆனால் அவன் வைத்தது போன வருஷப் பட்டியல். முதல் லேபிளே, ஏப்ரலில் கருமாதி முடிந்த தம்புசாமிக்கு.

"அவரு வரமாட்டாரு லா," என்று குணேஸ்வரி புதுப் பட்டியலைக் கொடுத்தாள்.

விஜயன் அதை அகர வரிசையில் அடுக்கினான். புருஷன்மார் எல்லாரும் வரிசைக்கு வந்தார்கள். பக்கத்துக் கட்டத்திலிருந்த மனைவிமார் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அவன் கவனிக்கவில்லை. பாதியில் லேபிள் தாள் தீர்ந்தது. கீழ்க்கடைக்கு ஓடி வாங்கி வந்து, மிச்சத்தையும் அடித்து, பெயரைப் பார்க்காமலே ஒட்டி, நிமிர்ந்து உட்கார்ந்தான்.

சிவசம்பு ஒரு உறையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"யோவ், என் பொண்டாட்டி பூரணத்தக் கிள்ளான் ரெங்கசாமிக்கு எப்பய்யா கட்டிக் குடுத்தீங்க?"

"சார்?"

"அத்தன பேர் குடும்பத்தையும் கலைச்சு வச்சிருக்கே! எல்லாத்தையும் கிழி. ரெண்டு பேரும் உக்காந்து கையால எழுதுங்க!"

கிழித்தார்கள். நூற்றி எண்பது உறை. கடைசிக்குச் சற்று முன்னால் விஜயனின் கை நின்றது. 'மிஸ்டர் விஜயன், மிஸஸ் குணேஸ்வரி.' காது இரண்டும் சுட்டன.

"மன்னிச்சிருங்க. இதுவும் கம்ப்யூட்டர் கோளாறுதான். கிழிச்சிடறேன்."

குணேஸ்வரி வெடுக்கென்று அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மத்ததெல்லாம் கோளாறு. இது நீங்க தாள் வாங்கப் போனப்ப நானே டைப் பண்ணது. சனிக்கிழமைக்கு முன்னால எங்கப்பாகிட்ட வந்து பொண்ணு கேளுங்க லா!"